கிடைத்த தீர்ப்பெல்லாம் உயிரோடு இருக்கும் தீர்ப்பு அல்ல



எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித்தான் இந்தப் பதிவைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் தம்பி ஒருவரை, ஷிப்ட் மாறும் நேரத்தில், கேட்டுக்கு வெளியே பத்துப் பேர் பார்க்க, சூப்பர்வைசர் ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். அன்று இரவே எங்கள் மாணவர்கள் உட்கார்ந்து புகார் எழுதினார்கள். கையில் இருந்தது ஒரு செல்போன். இலவசத் தளம் ஒன்றில் தேடியதும் வண்டி வண்டியாகத் தீர்ப்புகள் வந்து விழுந்தன. பலவற்றில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(எக்ஸ்) என்று இருந்தது. அதையே எழுதினார்கள். நாங்களும் படித்துப் பார்த்துவிட்டு 'சரி' என்றோம்.

காலையில் காவல் நிலையத்தில் ரைட்டர் மனுவை வாங்கிப் படித்தார். நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "எந்தத் தண்ணித் தொட்டியில என்னத்தக் கலந்தாங்க?"

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு 3(1)இன் உட்பிரிவுகளுக்கு ரோமன் எண்கள் போட்டிருந்தார்கள். எக்ஸ் என்றால் பத்து. பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவதுதான் அந்தப் பத்தாவது உட்பிரிவு. 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியலே புதிதாக எழுதப்பட்டது. எண்கள் போய் ஆங்கில எழுத்துகள் வந்தன. இழிவுபடுத்துவது 3(1)(ஆர்) ஆனது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது தனியாக 3(1)(எஸ்) ஆனது. இன்று 3(1)(எக்ஸ்) என்று எழுதினால் அது நம் மக்கள் பயன்படுத்தும் நீரை அசுத்தப்படுத்தும் குற்றம். வேங்கைவயல் என்றதும் நம் நினைவுக்கு வருகிற குற்றம். தளத்தில் இருந்த தீர்ப்புகள் போலி இல்லை. எழுதப்பட்ட நாளில் அவை சரியாகவே இருந்தன. நாங்கள்தான் தேதியைப் பார்க்கவில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. "பிரிவு கிடக்கட்டும். இந்தச் சட்டத்துல முதல்ல விசாரணை, அப்புறம்தான் எஃப்.ஐ.ஆர். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்று அதிகாரி ஒரு தாளை நீட்டினார். 2018 மார்ச் 20 தேதியிட்ட சுபாஷ் காசிநாத் மகாஜன் தீர்ப்பு. அதுவும் இலவசத் தளத்தில் எடுத்த பிரிண்ட்தான். கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

செத்துப்போன எண்ணை நாங்கள் கொண்டுபோனோம். செத்துப்போன தீர்ப்பை அவர் எடுத்து வைத்தார். எங்கள் தவறுக்கு எங்கள் தம்பி அலைந்தார். அவருடைய தவறுக்கும் எங்கள் தம்பிதான் அலைந்தார். மூன்று நாள் சம்பளம் போன பிறகுதான் எஃப்.ஐ.ஆர். விழுந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

ஒரு தீர்ப்பு எப்படிச் செத்தது

மகாஜன் வழக்கில் இரண்டு நீதிபதிகள் அமர்வு சொன்னவற்றை நினைவுபடுத்திக்கொள்வோம். புகார் வந்தால் டி.எஸ்.பி. முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் அனுமதி வேண்டும். மற்றவர்களைக் கைது செய்ய மாவட்டக் காவல்துறைத் தலைமையின் அனுமதி வேண்டும். வன்கொடுமை செய்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அடிபட்டவனை வாசலில் நிறுத்திய தீர்ப்பு அது. 2018 ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வட மாநிலங்களில் உயிர்கள் போயின.

அந்தப் போராட்டத்தின் பலன் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைதுக்கு முன் அனுமதி தேவையில்லை, எந்த நீதிமன்றம் என்ன சொல்லியிருந்தாலும் முன்ஜாமீன் கிடையாது என்று அது சொல்கிறது. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, மறுஆய்வு மனுவில், முதற்கட்ட விசாரணை, கைது அனுமதி பற்றிய உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10 அன்று பிரித்வி ராஜ் சவுகான் வழக்கில் 18ஏ செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முதல் பார்வையிலேயே குற்றத்துக்கான முகாந்திரம் இல்லாத புகாரில் மட்டும் முன்ஜாமீன் தடை பொருந்தாது என்றது.

ஆக, ஒரு தீர்ப்பு, ஒரு திருத்தச் சட்டம், ஒரு மறுஆய்வுத் தீர்ப்பு, இன்னொரு தீர்ப்பு என நான்கு ஆவணங்கள். நான்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் அது சட்டம். தேடல் பெட்டியோ ஒன்றை மட்டும் எடுத்துக் கையில் கொடுக்கிறது. உயிர் கொடுத்து நாம் சாகடித்த தீர்ப்பு, காவல் நிலைய மேசை டிராயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அந்த ஒற்றைத் தாளோடு நின்றுவிடும் பழக்கம்தான். அதிகாரிக்கு அந்தப் பழக்கம் வசதி. நமக்கு அது நஷ்டம்.

"ஓசித் தளத்தை நம்பினால் இப்படித்தான்"

இந்தக் கதையைக் கேட்ட மூத்த வழக்கறிஞர் ஒருவர் இப்படிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு எங்கள் பதில் இது.

தீர்ப்பு யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நீதிமன்றம் மக்களுக்காக எழுதுவது. நீதிமன்றத் தீர்ப்பை மறுபதிப்புச் செய்வது காப்புரிமை மீறல் ஆகாது என்று காப்புரிமைச் சட்டம் பிரிவு 52(1)(க்யூ) சொல்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில், 2007 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பதிப்பகம் தன் உழைப்பில் சேர்த்த பகுதிகளுக்குப் பாதுகாப்பு உண்டு. தீர்ப்பின் மூல வாசகம் எல்லோருக்கும் பொது.

பொதுச் சொத்துதான். ஆனால் யார் எடுத்துக் கொடுத்தார்கள்? 2008 ஜனவரியில் சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் தொடங்கிய 'இந்தியன் கனூன்' வந்த பிறகுதான் சட்டக் கல்லூரிக்கு வெளியே இருப்பவனும் தீர்ப்பைத் தேடிப் படிக்க முடிந்தது. உச்ச நீதிமன்றம் தன் அதிகாரப்பூர்வத் தீர்ப்புத் தொகுப்பை 'இ-எஸ்.சி.ஆர்.' என்ற பெயரில் இலவசமாகத் திறந்தது 2023 ஜனவரி 2 அன்று. நடுவில் பதினைந்து ஆண்டுகள். அந்தப் பதினைந்து ஆண்டும் காசு கட்டியவனுக்கு ஒரு சட்டம், கட்டாதவனுக்கு ஒரு சட்டம் என்று இருந்ததே, அதைப் பார்த்து எந்த மூத்தவர் சிரித்தார்?

கட்டணத் தளங்களில் 'இந்தத் தீர்ப்பு ரத்தாகிவிட்டது' என்று எச்சரிக்கும் குறியீடுகள் உண்டு. பத்திரிகை போல ஆசிரியர் குழு உட்கார்ந்து செய்யும் வேலை அது. அந்த எச்சரிக்கைக்குத்தான் சந்தா. அதாவது தீர்ப்பு இலவசம், அது உயிரோடு இருக்கிறதா என்ற தகவலுக்குக் காசு. காலாவதியான மாத்திரையை ஏழைக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, காலாவதி தேதியைத் தெரிந்துகொள்ளப் பணம் கட்டு என்பது போன்றது இது. கோபப்பட வேண்டுமென்றால் இதன்மேல் படுங்கள். இலவசத் தளத்தின்மேல் பட்டுப் பயனில்லை.

எந்த இடத்தில் கால் வழுக்கும்

இலவசத் தளத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எங்கே வழுக்கும் என்று தெரிந்து நடக்கச் சொல்கிறோம்.

முதலாவது, பழைய சட்ட வாசகம். 2020 ஆகஸ்ட் 15 அன்று நம் கும்மிடிப்பூண்டி வட்டத்து ஆத்துப்பாக்கத்தில், ஊராட்சி மன்றத் தலைவர் அமிர்தம் அம்மாவைச் சுதந்திர தினக் கொடியேற்ற விடாமல் செய்தார்கள். செய்தி வெளியே வந்த பிறகு ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியரே வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைத் தன் கடமையைச் செய்ய விடாமல் தடுப்பது பிரிவு 3(1)(எம்) படி குற்றம். இந்த உட்பிரிவும் 2016இல் வந்ததுதான். திருத்தம் சேர்க்காத 1989 வாசகத்தை ஏதோ ஒரு தளத்தில் டவுன்லோடு செய்து வைத்திருப்பவர் எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது. 'இதற்குச் சட்டமே இல்லை' என்று நம் வாயாலேயே சொல்லிவிட்டு வருவோம்.

சிப்காட் தோழர்களுக்கும் இதே எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும், 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. தேடினால் பழையவைதான் இன்னும் முதலில் வரும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் சிக்கும் இருளர் குடும்பங்களுக்கான 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தத் தொகுப்புகளுக்குள் போகவில்லை. அது நிற்கிறது. எது போனது, எது நிற்கிறது என்று தெரியாமல் மனு எழுதாதீர்கள்.

இரண்டாவது, சட்டம் மாறியும் மாறாத பழைய தீர்ப்புகள். பிரிவு 3(2)(வி) முன்பு, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் 'என்ற காரணத்தால்' குற்றம் செய்தால் என்று இருந்தது. சாதிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி எத்தனையோ வழக்குகளில் விடுதலை கொடுத்தார்கள். 2016 திருத்தம் அதை 'என்று தெரிந்தே' என்று மாற்றியது. கூடவே, எதிரிக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிவு 8(சி) வந்தது. 2021 ஏப்ரலில் பதான் ஜமால் வலி தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டியது. ஆனாலும் எதிர்த்தரப்பு இன்றைக்கும் 2016க்கு முந்தைய விடுதலைத் தீர்ப்புகளை அடுக்கி வைக்கும். அவை பொய்யில்லை. வேறு வாசகத்துக்கு எழுதப்பட்டவை. சம்பவம் நடந்த தேதியைக் காட்டி, எந்த வாசகம் பொருந்தும் என்று சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

மூன்றாவது, துண்டு வாசகம். 'நான்கு சுவருக்குள் திட்டினால் வழக்கு நிற்காது' என்ற ஸ்கிரீன்ஷாட் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. 2020 நவம்பரில் வந்த ஹிதேஷ் வர்மா தீர்ப்பிலிருந்து பிய்த்தது. கட்டடத்துக்குள்ளேயே நடந்திருந்தாலும், உறவினர், நண்பர் அல்லாத பொதுமக்கள் சிலர் அங்கே இருந்தால் அது பொதுப் பார்வைதான் என்று 2008இல் ஸ்வரண் சிங் தீர்ப்பு சொன்னதையும் அதே ஹிதேஷ் வர்மா தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. ஸ்கிரீன்ஷாட்டில் அது இல்லை. கம்பெனி ஷெட்டுக்குள் நாற்பது பேர் நடுவில் திட்டு வாங்கிய தொழிலாளிக்கு அந்த விடுபட்ட வரிதான் முக்கியம். நமக்குச் சாதகமான வரியோடும் நின்றுவிடக் கூடாது. திருச்சி மாவட்டத்திலிருந்து போன ஒரு வழக்கில், அலுவலக அறைக்குள் திட்டிய பிறகே சக ஊழியர்கள் வந்தார்கள் என்பதால் அது பொதுப் பார்வை இல்லை என்று 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்திருக்கிறது. ஆகவே புகாரில், திட்டும்போது அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

நான்காவது, தளத்தில் இல்லாதவை. இலவசத் தளங்களில் நிறைந்திருப்பவை உச்ச, உயர் நீதிமன்றத் தீர்ப்புகள். நம் வழக்கு நடப்பதோ மாவட்ட அளவில், சிறப்பு நீதிமன்றத்தில். அந்தத் தீர்ப்புகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணையோ பெயரையோ வைத்துத்தான் தோண்ட வேண்டும். 'தேடினேன், எதுவும் வரவில்லை' என்றால் அப்படி ஒரு தீர்ப்பே இல்லை என்று பொருள் இல்லை.

கடைசியாக ஒன்று. தளத்தில் தேடச் சோம்பல்பட்டு ஏ.ஐ.யிடம் 'எனக்குச் சாதகமான ஐந்து தீர்ப்பு கொடு' என்று கேட்கிறார்கள். அது கொடுக்கும். பெயர், ஆண்டு, நீதிபதி எல்லாம் இருக்கும். தீர்ப்புதான் இருக்காது. 2023இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயமே 2024 டிசம்பரில் இல்லாத தீர்ப்புகளை வைத்து உத்தரவு எழுதி, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. அவர்களுக்கு அவமானத்தோடு போயிற்று. நாம் அப்படி ஒன்றைக் கொண்டுபோனால், 'இவர்கள் கொடுக்கும் புகாரே பொய்' என்று காலம் காலமாகச் சொல்பவர்களுக்கு நாமே சாட்சி சொன்னதாக ஆகும்.

பிரிண்ட் எடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. தீர்ப்பின் தேதி என்ன? அதற்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டதா? 2016 ஜனவரி 26, 2018 ஆகஸ்ட், புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த 2024 ஜூலை 1 ஆகிய மூன்று தேதிகளும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

2. எத்தனை நீதிபதிகள்? இருவர் சொன்னதை மூவர் மாற்றியிருக்கிறார்களா?

3. இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டிய பிந்தைய வழக்குகள் எவை? பெரும்பாலும் அந்தப் பட்டியல் தீர்ப்பின் பக்கத்திலேயே இருக்கிறது. புதியதிலிருந்து தொடங்கிப் படியுங்கள்.

4. சட்டப் பிரிவை அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் ஒப்பிட்டீர்களா? தீர்ப்பில் மேற்கோளாக இருக்கும் பிரிவு அன்றைய வாசகம், இன்றைய வாசகம் ஆகாது.

5. தீர்ப்பை முழுவதும் படித்தீர்களா? உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்றால் இ-எஸ்.சி.ஆரில் பத்தி எண்ணோடு சரிபார்த்தீர்களா? பதிப்புக்குப் பதிப்பு பத்தி எண் மாறும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். புகாரில் பிரிவு எண் எழுதியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். சரியான பிரிவில் பதிவு செய்வது அதிகாரியின் கடமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 4(2) சொல்கிறது. வேண்டுமென்றே அந்தக் கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. அன்று ரைட்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை. இனி சொல்வோம்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

எச்சரிக்கையாக இருப்பது நம் வேலை என்று சொல்லிவிட்டு அரசைத் தப்பவிட முடியாது. பத்து மணி நேரம் ஷெட்டில் நின்றுவிட்டு வரும் தொழிலாளி நான்கு தீர்ப்புகளை ஒப்பிட்டுப் படித்தால்தான் நீதி என்றால், அது நீதியின் பெயரில் வைக்கும் நுழைவுத் தேர்வு.

ரத்தான, திருத்தப்பட்ட தீர்ப்புகளின் தலையிலேயே அதை எழுதி வைக்க வேண்டும். அதை நீதிமன்றத்தின் அதிகாரப்பூர்வத் தளமே இலவசமாகச் செய்ய வேண்டும். வன்கொடுமை வழக்குகளில் சிறப்பு நீதிமன்றங்கள் கொடுக்கும் தீர்ப்புகளைப் பாதிக்கப்பட்டவரின் பெயரை மறைத்து, சொல்லைக் கொண்டு தேடும் வகையில், தமிழில் வெளியிட வேண்டும். உச்ச நீதிமன்றம் தமிழ் மொழிபெயர்ப்புகளை வெளியிடுகிறது. ஆனால் சட்டப்படி ஆங்கில வாசகமே செல்லும் என்று கைவிரித்துவிடுகிறது. புரியும் மொழியில் இருப்பது செல்லாது, செல்லும் மொழியில் இருப்பது புரியாது என்ற நிலை ஒழிய வேண்டும். திருவள்ளூர் மாவட்ட மைய நூலகத்தில் கட்டணச் சட்டத் தளங்களை எல்லோரும் பயன்படுத்த அரசு சந்தா கட்ட வேண்டும். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12 படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உரிமை உண்டு. அந்த உதவி என்பது வக்கீல் பெயரை எழுதிக் கொடுப்பதோடு முடியாமல், சரிபார்த்த சட்டத்தைக் கையில் கொடுப்பதாகவும் இருக்க வேண்டும்.

1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் தலையாட்டியது. தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்க் குடித்த பிறகும், அந்த உரிமை பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நிலைபெற 1937 ஆனது. காகிதத்தில் திறப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு என்று நமக்கு அன்றே தெரியும். மகாஜன் தீர்ப்பு வந்ததும் ஒரு மார்ச் 20 என்பதை மறக்க வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் படிப்பகத்தில் நான்கு பேராவது உட்காருங்கள். உங்கள் குழுவில் சுற்றும் தீர்ப்புகளில் ஒன்றை எடுத்து, மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். செத்த தீர்ப்பு என்று தெரிந்தால், அனுப்பியவரைத் திட்டாமல், ஏன் செத்தது என்று இரண்டு வரி எழுதி அதே குழுவில் போடுங்கள். நாங்கள் அனுப்பியதாக இருந்தாலும் போடுங்கள்.

ஜெய்பீம்!